என் பக்கத்தையும் அப்பாவே பேசினார்

ஜூன் 12

ஊருக்கு வந்து சேர்ந்தேன். ரயில் தென்காசிக்குள் நுழையும்போதே ஜன்னலில் சாரல்.

அப்பா பிளாட்பாரத்தில் காக்கிச் சட்டையோடு நின்றார். கண்டக்டர் டூட்டி முடிந்து நேரே வந்திருக்கிறார். பெட்டியை வாங்கிக்கொண்டு, "சாப்ட்டியாம்மா?" என்றார். தலையாட்டினேன். "வண்டிய வழியில எங்கயும் நிறுத்திப் போட்டானா?" இல்லையென்று தலையாட்டினேன். அதற்கு மேல் கேட்க அவரிடம் எதுவும் இல்லை. எங்களுக்குள் அடுத்த வாக்கியம் எப்போதும் சண்டைதான்.

ஆபரேஷன் செய்த டாக்டர் சொன்னது: பேசக் கூடாது. கிசுகிசுக்கவும் கூடாது, அது இன்னும் கெடுதல். குரல்நாணில் இருந்த முடிச்சுகளை எடுத்தாகிவிட்டது. புண் ஆற வேண்டும். ஆறினால் குரல் வரும். எப்படிப்பட்ட குரல் என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்கும் நிலையில் இல்லை.

ஜூலை பத்தாம் தேதி சென்னையில் கல்லூரி திறக்கிறது. பெரிய வகுப்பறைகள், மைக் கிடையாது. நான் ஒப்பந்த ஆசிரியை. குரல் இல்லாவிட்டால் வரலாறு தெரிந்து என்ன பயன்.

பேசாமல் விட்ட பேச்செல்லாம் எங்கே போகிறது என்று பார்க்க இந்த டைரி.

ஜூன் 13

தூங்கினேன்.

ஜூன் 14

என்னைச் செவிடாக்கிவிட்டார்கள்.

பக்கத்து வீட்டு மைமூன் அக்கா, தையல் மிஷினை நிறுத்திவிட்டு வந்து வாசலில் நின்று, "பூ-ர-ணி! சொ-க-மா?" என்று தெருவுக்கே கேட்கும்படி கேட்டாள். பிறகு கையால் சோறு உண்பது போலக் காட்டினாள். நானும் பதிலுக்குச் சோறு உண்பது போலக் காட்டினேன். இருவரும் வெகுநேரம் காற்றில் சோறு உண்டோம்.

"காது நல்லா கேக்கும் மைமூனு, வாய்தான்," என்றாள் அம்மா.

"அல்லாவே, எனக்குத் தெரியும் செண்பகக்கா. ஆனா வாய் பேசாதவள பாத்தா நம்ம வாயி தானா சத்தம் போடுது."

அம்மாவுக்கு நேர் எதிர் வியாதி. என்னிடம் பேசும்போது அவள் குரல் தேய்ந்து தேய்ந்து இன்று மாலை வெறும் உதட்டசைவாகிவிட்டது. "காப்பி வேணுமா?" என்பதை மூன்று முறை அவள் வாயைப் பார்த்துத்தான் புரிந்துகொண்டேன்.

அப்பா பஸ் ஸ்டாண்டு கடையிலிருந்து ஒரு மேஜிக் சிலேட் வாங்கி வந்தார். தாளைத் தூக்கினால் எழுத்து அழிந்துவிடும். மேலே கரடிப் படம். இருபத்தெட்டு வயதில்.

ஜூன் 16

அப்பாவுக்கு இன்று ரெஸ்ட். காலையில் ஊர்ப் பெரிய குளத்தின் கரையில் நடக்கப் போனோம். அவர் கூப்பிடவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு என் செருப்பையும் காலால் என் பக்கம் தள்ளினார்.

எழுதி வைக்க வேண்டிய விஷயம் இது.

பத்தாம் வகுப்பிலிருந்து நானும் அப்பாவும் வாதாடுகிறோம். கடவுள், சாதி, சினிமா, சாம்பாரில் வெல்லம். ஒருவர் ஒன்று சொன்னால் மற்றவர் அதற்கு எதிர்ப்பக்கம் போய் உட்கார்ந்துகொள்வோம். அம்மா அடுப்படியில் பாத்திரத்தை ஓங்கி வைப்பாள். ரவுண்டு முடிந்தது என்று அதற்குப் பொருள். நாங்கள் வேறு எப்படியும் பேசிக்கொண்டதாக எனக்கு நினைவில்லை.

மடையைத் தாண்டியதும் ஆரம்பித்தார்.

"இந்தப் பொம்பளையளுக்கு இலவச பஸ் இருக்கே. சும்மா குடுத்தா மதிப்பு இருக்குமா? சந்தைக்கு ஒரு தடவ போறவ மூணு தடவ போறா. என்னத்துக்குங்கேன்?"

நிறுத்தினார். என்னைப் பார்த்தார். நான் குளத்தைப் பார்த்தேன். கொஞ்ச தூரம் அப்படியே நடந்தோம். அவரால் தாங்க முடியவில்லை.

"நீ என்ன சொல்லுவேன்னு எனக்குத் தெரியும். 'ஏம்ப்பா, ஆம்பள டீக்கடைக்கு மூணு தடவ போனா யாராச்சும் என்னத்துக்குன்னு கேட்டாங்களா?' அதான?"

அதேதான். பேசும்போது என் இடது கை விரிவதுகூட அவர் கையில் வந்துவிட்டது.

"அதுக்கு நான் சொல்லுதேன், அவன் நடந்துல்லா போறான். அதுக்கு நீ சொல்லுவ, 'நடந்து போற தூரத்துல அவனுக்கு எல்லாம் இருக்குப்பா. அவளுக்கு அங்க என்ன இருக்கு?'"

அங்கே நின்றுவிட்டார். இதற்கு என்ன பதில் சொல்வது என்று யோசித்தார். நீர்க்காகம் ஒன்று முங்கி எழுந்து மறுபடி முங்கியது.

"சரி, கெடக்கட்டும்," என்றார். முகம் சுண்டிப்போய்விட்டது.

என்னிடம் தோற்றிருக்கிறார். நான் வாயே திறக்கவில்லை.

ஜூன் 17

அப்பா டூட்டி. வீட்டில் சத்தமே இல்லை.

சாரல் நிற்கவில்லை. வெயிலும் அடிக்கிறது, சாரலும் விழுகிறது. குடைக்குக் கீழே பக்கவாட்டில் வந்து நனைக்கிறது. துணி காயவில்லை. தீக்குச்சி பற்றவில்லை. உப்பு ஜாடியில் உப்பு கண்ணீர் விடுகிறது. அம்மா அப்பளத்தைத் தடவிப் பார்த்துவிட்டு உதட்டசைவில் எதையோ திட்டினாள்.

எனக்கு இதெல்லாம் எரிச்சலாக இருந்த ஞாபகம். இந்த முறை எரிச்சல் வரக் காத்திருந்தேன். வரவில்லை.

ஜூன் 19

பேசாமல் இருப்பது அமைதி என்று நினைத்திருந்தேன். முதல் வாரம் அப்படியில்லை. உள்ளே ஒரு வகுப்பறை ஓயாமல் நடந்துகொண்டிருந்தது. பல் தேய்ப்பதை யாருக்கோ விளக்குகிறேன். கறிவேப்பிலை உருவுவதன் வரலாற்றுப் பின்னணியை யாருக்கோ சொல்கிறேன். எதிரே வரிசையாகப் பெஞ்சுகள். முகங்கள் இல்லை.

இன்று மாடியில் துணியைத் திருப்பிப் போடும்போது கவனித்தேன், யாருக்கும் எதையும் விளக்கிக்கொண்டிருக்கவில்லை. கவனித்ததை உடனே யாருக்கோ விளக்க ஆரம்பித்தேன்.

ஆனாலும் நடுவில் ஓர் இடைவெளி இருந்தது. துணி இருந்தது, ஈரம் இருந்தது, கை இருந்தது. அவ்வளவுதான்.

ஜூன் 21

வடிவு அத்தை வந்தாள். அப்பாவின் சித்தப்பா மகள். கையில் மல்லிகைப்பூ, வாயில் ஒரு மாப்பிள்ளை. பையன் பெங்களூரில் இருக்கிறானாம். சொந்தத்தில்தானாம். ஜாதகம் பார்த்தாயிற்றாம்.

கரடிச் சிலேட் அடுப்படியில் இருந்தது. எடுக்க எழுந்தால் அத்தை கையைப் பிடித்து உட்கார வைக்கிறாள்.

"பேசாத பொண்ணு கெடைக்கணும்னா குடுத்து வச்சிருக்கணும்," என்று அவளே சிரித்துக்கொண்டாள். பிறகு அம்மாவிடம், "பாத்தேளா மதினி, இவ்வளவு சொல்லுதேன், பிள்ள ஒரு வார்த்த மறுத்துப் பேசலியே. அப்பொ சம்மதம்னுதான அர்த்தம்?"

எங்கள் பக்கத்தில் இது சட்டம். பெண் வாய் திறக்காவிட்டால் நாள் குறிக்கலாம். என் தொண்டையில் புண் இருப்பது சட்டத்துக்குத் தெரியாது.

உள்ளே படுத்திருந்த அப்பா பனியனோடு வெளியே வந்தார்.

"அவ பேசலன்னா சம்மதம்னு யாரு சொன்னா? அவ சொல்லுதத நான் சொல்லுதேன், கேட்டுக்க வடிவு." தொண்டையைச் செருமிக்கொண்டார். இடது கை விரிந்தது. "'அத்தை, அந்தப் பையன நான் பாத்ததில்ல. அவன் என்னயப் பாத்ததில்ல. பாக்காத ரெண்டு பேருக்கு நடுவுல ஊரே சம்மதிக்குதுன்னா, ஊரே கட்டிக்கிடட்டும்.'"

அத்தை ஆடிப்போனாள். "இது யாரு சொல்லுதா அண்ணே? அவளா, நீங்களா?"

"அவதான். நானா இருந்தா மாப்பிள்ளைக்கு என்ன சம்பளம்னுல்லா கேட்டிருப்பேன்."

அத்தை பூவை வைத்துவிட்டுப் போனாள். அம்மா தன் முழுக் குரலையும் மீட்டுக்கொண்டாள். "நல்ல வரன இப்பிடிப் போக்கடிச்சிட்டீங்களே!"

"நானா போக்கடிச்சேன்? ஓம் மவ பேசுனா. அவகிட்டக் கேளு."

நான் சுவரில் சாய்ந்து சத்தமில்லாமல் சிரித்தேன். சிரிக்கவும் கூடாது. அதையும் டாக்டர் சொல்லியிருக்கிறார்.

அந்த வாக்கியம் நான் இதற்கு முன் சொன்னதே இல்லை. ஆனால் சொல்லியிருப்பேன். எங்கே கமா போடுவேன் என்பதுகூட அவருக்குத் தெரிந்திருக்கிறது. இத்தனை நாளும் நான் பேசுவதைக் கேட்காமல் தன் முறைக்குக் காத்திருக்கிறார் என்றுதான் நினைத்திருந்தேன்.

ஜூன் 23

குளத்துக்குத் தனியாகப் போனேன்.

அல்லி இலைகள் மேல் ஓர் இலைக்கோழி நடந்தது. உடம்பைவிடப் பெரிய விரல்கள். ஒவ்வோர் இலையும் அமிழ்வதற்குள் அடுத்த இலைக்குப் போய்விடுகிறது. அவசரமாகவும் இல்லை. எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது. அதை ஏதாவது ஒன்றுக்கு உவமையாக்க மனம் போய் முட்டியது. விடவில்லை நான். கோழி கோழியாகவே கரையேறிப் போனது.

திரும்பும்போது மைமூன் அக்காவின் மகள் ரிஸ்வானா கல்லூரியிலிருந்து வந்துகொண்டிருந்தாள். பக்கத்து ஊர் மகளிர் கல்லூரியில் படிக்கிறாள். "எங்க ஹிஸ்டரி மிஸ்ஸு பிரசவத்துக்குப் போறாங்கக்கா. ஒரு வருசம் வர மாட்டாங்களாம். வேற ஆளும் கெடைக்கலியாம். நாங்க ஜாலிதான்," என்றாள்.

எனக்கென்ன வந்தது அதில்.

ஜூன் 24

அம்மாவின் பிரஷர் மாத்திரை வாங்க பஸ்ஸில் போனேன். கண்டக்டர் என்னைப் பார்த்துவிட்டு, "குற்றாலிங்கம் அண்ணாச்சி மவதான? அவரு பாதிப் பேச்ச வீட்டுல எறக்கி வச்சிட்டு வந்தாருன்னா எங்களுக்கும் நிம்மதி," என்றார்.

மருந்துக்கடைக்கு எதிரில் மகளிர் கல்லூரி. தற்செயல். உள்ளே வேப்ப மரங்கள். வகுப்பறை ஜன்னல்கள் மலையைப் பார்த்து இருக்கின்றன. கேட்டிலிருந்து அவ்வளவுதான் தெரிந்தது. வாட்ச்மேன் என்ன வேண்டும் என்று கேட்டார். மாத்திரைச் சீட்டைக் காட்டினேன். எதிரே கை காட்டினார்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா கேட்டாள்: "நம்ம தெருமுனைக் கடையிலயே இந்த மாத்திரை இருக்குமே?"

ஜூன் 26

திருநெல்வேலியில் டாக்டரைப் பார்த்தேன். குழாயை விட்டுப் பார்த்தார். வீக்கம் முழுதாக வடியவில்லை. "ஒரு 'ஆ' சொல்லுங்க, மெதுவா," என்றார்.

சொன்னேன்.

வந்தது என் குரல் இல்லை. பழைய கதவு ஒன்று திறந்தது போல. நடுவில் உடைந்து, காற்றாகி நின்றது. டாக்டர் எழுதிக்கொண்டே, "ம்ம்," என்றார். அந்த 'ம்ம்' என்னுடையதைவிட நன்றாக இருந்தது. இன்னும் பத்து நாள் மௌனம்.

பஸ்ஸில் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டே வந்தாள். ஆலங்குளம் தாண்டியதும் ஒரு கொய்யாவைத் துடைத்துக் கொடுத்தாள்.

ஜூன் 28

குரல் வராமலே போனால்?

எழுதிவிட்டேன். எழுதிப் பார்த்தால் சின்ன வாக்கியம்.

முழுக் கேள்வி இது: வகுப்பில் பேசியவள், சண்டை போட்டவள், நண்பர்கள் வீட்டு மாடியில் எல்லோரையும் சிரிக்க வைத்தவள். இவளெல்லாம் அந்தத் தொண்டையில்தான் இருந்தாளா? அப்படியானால் இங்கே உட்கார்ந்து பேனாவைப் பிடித்திருப்பது யார்? குளத்தங்கரையில் நிற்பது யார்? அவளுக்கு ஒன்றும் குறைந்ததாகத் தெரியவில்லையே.

ஜூன் 30

ஒரு வாரத்துக்குப் பிறகு மேகம் விலகியது.

மாடிக்குப் போனேன். மேற்கே முழு மலையும் நின்றது. கழுவி வைத்தது போல் பாறை. மழை பெய்த பள்ளங்களிலெல்லாம் வெள்ளைக் கோடுகள். பெயரில்லாத அருவிகள். நாலைந்து நாளில் காணாமல் போகும். மலையின் பச்சை ஒரே பச்சை இல்லை. மேகத்தின் நிழல் ஒன்று நகர்ந்து போகப் போகக் கீழே தென்னந்தோப்புகள் அணைந்து எரிந்தன.

பதினேழு வருஷம் இதற்குக் கீழே வளர்ந்தேன். மலையைக் கண்டிருக்கிறேன். பார்த்ததில்லை. அப்போது அதற்கு அந்தப் பக்கம் என்ன என்பது மட்டுமே என் கேள்வி.

அம்மா வடகம் காய வைக்க ஏறி வந்தாள். "என்னத்தப் பாக்க?" நான் கை காட்டினேன். "மலைதான?" என்றாள். தட்டைக் கீழே வைத்தாள். கீழே போகவில்லை. வெகுநேரம் இருவரும் நின்றோம். அடுப்பில் பால் பொங்கித் தீய்ந்தது.

சந்தோஷமாக இருக்கிறேன் என்று நினைக்கிறேன். சாரல் காலம், சாப்பாடு, தூக்கம் எல்லாம் சேர்ந்து அப்படி இருக்கலாம்.

ஜூலை 2

அப்பா டிக்கெட் எடுத்துவிட்டார். எட்டாம் தேதி சென்னை வண்டி. கீழ் பெர்த். அதை இரண்டு முறை சொன்னார்.

குளக்கரையில்தான் சொன்னார். நான் நின்றுவிட்டேன். அவர் எனக்குப் பின்பக்கமாக மலையைக் காட்டிப் பேச ஆரம்பித்தார். கை விரிந்தது.

"நீ ஒண்ணும் சொல்லாண்டாம். எனக்குத் தெரியும். மொத தடவ மெட்ராஸுக்குப் படிக்கப் போகும்போது என்ன சொன்ன? 'இந்த ஊர்ல மூணு தெருவத் தாண்டுனா சொந்தக்காரன். நாலாவது தெருவத் தாண்டுனா மலை. எங்கிட்டுத் திரும்பினாலும் முட்டுதுப்பா.' அன்னைக்கு ஒங்கூட ஒரு வாரம் மல்லுக்கட்டுனேன். ஒத்துக்கிடல. இப்பொ சொல்லுதேன். நீ சொன்னதுதான் சரி. நான் சொன்னது தப்பு."

இதுவரை என்னிடம் அவர் அப்படிச் சொன்னதே இல்லை. எந்த வாதத்திலும். பஸ் விஷயத்தில்கூட, "கெடக்கட்டும்" என்றுதான் முடித்தார்.

சிலேட்டை எடுத்தேன். 'எனக்கு' என்று எழுதினேன். அதற்குப் பிறகு எழுதுகோல் நகரவில்லை. அடுத்த வார்த்தை என்ன என்று எனக்கே தெரியவில்லை என்பது உண்மை.

அப்பா கண்ணாடி இல்லாமல் எட்டிப் பார்த்தார். "'எனக்கு மூச்சு முட்டுது.' அதான? தெரியும்மா."

தலையாட்டிவிட்டேன்.

அவரும் ஆட்டினார். பிறகு குளத்தைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார். கைலியின் நுனியைத் தூக்கி முகத்தைத் துடைத்தார். சாரல்.

ஜூலை 3

பெட்டியில் இரண்டு புடவை வைத்தேன். ஈரம் போகவில்லை என்று திரும்ப எடுத்துக் கொடியில் போட்டேன்.

ஜூலை 4

இன்னும் காயவில்லை.

மைமூன் அக்கா எனக்கு ஒரு ஜாக்கெட் தைத்து வைத்திருக்கிறாள். "போ-ட்-டு-ப் பாரு!" என்று கத்தினாள். கை சரியாக இருந்தது. "மெட்ராசுல வாத்திச்சியம்மா போட ஏத்ததுதான?" என்றாள். என் முகத்தில் என்ன பார்த்தாளோ, குரலை இறக்கி, "புள்ளைக்குப் போவ மனசில்ல போலயே," என்றாள் அம்மாவிடம். அம்மா, "அவளா? அவளுக்கு இந்த ஊரு ஆவாது," என்றாள்.

என்னை எல்லோருக்கும் நன்றாகத் தெரிந்திருக்கிறது.

ஜூலை 6

டாக்டர் குழாயை எடுத்துவிட்டுச் சிரித்தார். ஆறிவிட்டது. இனி பேசலாம். ஒரு நாளைக்கு ஐந்து நிமிடம். கத்தக் கூடாது. குரல் கொஞ்சம் இறங்கித்தான் இருக்கும், அது அப்படியே நின்றும் போகலாம். "பழகிக்கிடுவீங்க," என்றார்.

பஸ்ஸில் அம்மா என் வாயையே பார்த்துக்கொண்டு வந்தாள். "ஏதாச்சும் ஒண்ணு சொல்லேன். முருகான்னு சொல்லேன்." நான் அவள் தோளில் சாய்ந்துகொண்டேன். சொல்லவில்லை. பாவம், முகம் திருப்பிக்கொண்டாள். வீட்டுப்படியில் செருப்பைக் கழற்றும்போது கேட்டாள், "ஒங்கப்பாகிட்டப் பேசத்தான் வச்சிருக்கியாக்கும்?"

ஜூலை 7

குளக்கரை. அப்பா வழக்கம் போல முன்னால் போனார். நாளைய பயணத்தைப் பற்றிப் பேசிக்கொண்டே வந்தார். தண்ணீர் பாட்டில், சாப்பாடு, இறங்கியதும் யாருக்குப் போன். பிறகு மறுபடியும் என் குரலில் ஆரம்பித்தார். "'ஏம்ப்பா, அங்க போனாத்தான நான் நானா இருப்பேன்...'"

"நான் அப்படிச் சொல்ல மாட்டேன்ப்பா."

அவர் இன்னும் இரண்டடி நடந்தார். பிறகு நின்றார். திரும்பினார். சுற்றும்முற்றும் வேறு யாராவது இருக்கிறார்களா என்று பார்த்தார். எனக்கும் அந்தச் சந்தேகம் இருந்தது. தடித்து, கரகரத்து, கீழே கிடந்து வந்த குரல்.

"யாரோ மாதிரி இருக்கு," என்றார்.

"ஆமா."

"என்ன சொல்ல மாட்ட?"

"போவணும்னு. நான் போவல."

அப்பா கைக்கடிகாரத்தைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். இத்தனை நாள் கழித்து எதிரே ஆள் வந்துவிட்டது. கண்ணில் அது தெரிந்தது.

"அப்பொ அன்னைக்கு எதுக்கு தலய ஆட்டுன?"

"நீங்க எங்கிட்டத் தோத்தேன்னு ஒத்துக்கிட்டதே இல்ல. மொத தடவ ஒத்துக்கிட்டீங்க. கெடுக்க மனசு வரல."

"சவத்துப்பய பிள்ள!" என்றார். பிறகு, "சரி. கொரலு இப்பிடி ஆயிட்டுன்னு பயந்து இங்க உக்காருத. அதான?"

"இல்ல."

"அம்மைக்கு பிரஷரு. அதுக்கா?"

"இல்ல."

"வடிவு சொன்ன பையன்..."

"அய்யோ, இல்லப்பா!"

"சத்தம் போடாத. அந்த காலேஜில வேல காலியா இருக்குன்னு பஸ்ஸுல பேசிக்கிட்டாவ. அதுக்கா?"

"அது கெடச்சா போவேன். கெடைக்காட்டியும் இருப்பேன்."

அப்பா திணறிவிட்டார். பையில் கைவிட்டுச் சில்லறை தேடுபவர் போல முகம். "பின்ன என்னத்துக்குங்கேன்? நீயே சொல்லிருக்க, எங்கிட்டுத் திரும்பினாலும் மலை முட்டுதுன்னு."

"சொன்னேன். இப்பவும் முட்டுது. காலைல எந்திரிச்சதும் மாடிக்குப் போயி அது தெரியுதா இல்லையான்னு பாக்கேன். தெரிஞ்சாலும் சரி, தெரியாட்டியும் சரி. பாத்துட்டு வந்து பல்லு தேய்க்கேன். மெட்ராஸுல இத்தன வருசமா எந்திரிச்சதும் இன்னைக்கு என்ன பேசணும்னுதான் யோசிச்சேன். இங்க என்ன இருக்குன்னு பாக்கேன். எனக்கு அது பிடிச்சிருக்கு."

"இது ஒரு வாதமா?"

"வாதம் இல்லப்பா."

"பின்ன?"

அதற்குப் பதில் சொல்ல வாயைத் திறந்தேன். அவர் கடிகாரத்தைப் பார்த்தார். "அஞ்சு நிமிசம் ஆச்சு. மூடு."

மூடினேன்.

அப்பா கடிகாரத்தைக் கட்டிக்கொண்டு முன்னால் நடந்தார். மடை கிட்டே வந்ததும், "நீ என்ன சொல்லுவன்னா..." என்று ஆரம்பித்தார். கை பாதி விரிந்து நின்றது. இறக்கிக்கொண்டார். அரசமரத்தடியில் இன்னொரு முறை, "அதாவது நீ..." என்றார்.

வீட்டு வாசலில் திரும்பி, "மிச்சத்த நாளைக்குச் சொல்லு," என்றார்.

ஜூலை 8

டிக்கெட்டை ரத்து செய்தாயிற்று. சென்னைக் கல்லூரிக்கு, வரவில்லை என்று கடிதம் அனுப்பிவிட்டேன். சுருக்கமான கடிதம். அனுப்பிய பிறகு ஒரு முறை திரும்பப் படித்தேன். அதையும் எழுதி வைக்கிறேன்.

மகளிர் கல்லூரிக்குப் போனேன். வாட்ச்மேன் மறுபடி மருந்துக்கடைக்குக் கை காட்டினார். இல்லை, உள்ளேதான் என்று காட்டினேன். பிரின்சிபால் சான்றிதழ்களைப் பார்த்தார், கரடிச் சிலேட்டைப் பார்த்தார். அடுத்த மாதம் மாதிரி வகுப்பு எடுக்கச் சொல்லியிருக்கிறார். அதற்குள் குரல் தேற வேண்டும். எந்த உத்தரவாதமும் இல்லை என்றார். 'மைக் உண்டா?' என்று எழுதினேன். உண்டாம்.

அம்மாவிடம் இன்று மூன்று நிமிடம் பேசினேன். பேசச் சொன்னாளே தவிர, பேச விடவில்லை. அழுதுகொண்டே அவள்தான் பேசினாள்.

ஜூலை 9

மேகம். சாரல் கனமாக.

மத்தியானம் அம்மாவின் போன் அடித்தது. அப்பா. டூட்டி நேரத்தில் கூப்பிட மாட்டார். அம்மா பயந்துபோய் ஸ்பீக்கரில் போட்டாள்.

"அவகிட்டச் சொல்லு," என்றது அப்பாவின் குரல். பின்னால் மழை, ஹாரன், யாரோ டீ ஆற்றும் சத்தம். மலையடிவாரத்தில் வண்டி திரும்பும் இடம் அது. "இங்கெருந்து பாத்தா பாதி தெரியுதுன்னு சொல்லு."

"என்ன தெரியுது?"

"மலைதான். வேற என்ன?"

"இதச் சொல்லவா கூப்டீங்க? காலமெல்லாம் அந்த ரூட்லதான போறீங்க!"

"வண்டிக்குள்ள டிக்கெட்டப் பாப்பேனா, வெளிய பாப்பேனா? சொல்லுன்னா சொல்லு."

அம்மா என்னைப் பார்த்தாள். இந்த ஆளுக்கு என்ன ஆயிற்று என்று வெறும் உதட்டசைவில் கேட்டாள். நான் போனை வாங்கினேன். இன்றைக்கு இன்னும் ஒரு வார்த்தையும் செலவாகவில்லை.

"எந்தப் பாதிப்பா?" என்றேன். "மேல் பாதியா, கீழ் பாதியா?"

அந்தப் பக்கம் டீ ஆற்றும் சத்தம் நின்றது.

"இரு," என்றார். "பாத்துட்டு வாரேன்."

போனை எதன் மேலோ வைக்கும் சத்தம். டிரைவர் ஹாரனை அடித்தார். மறுபடி அடித்தார். அப்பா இன்னும் லைனுக்கு வரவில்லை.